தரம் பிரித்தல்

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை
பெட்ரோல் பங்கின் பின்புறம் வேனை நிறுத்துவான்
டுவேன் கிராஸ்விக்.
தோலை ஓர் உதறு உதறி
முதுகு ரோமத்தில் வாய் குவித்து ஊதுவான்.
ரோமம் வகிடெடுத்து அடிமயிர் தெரியும்,
அறுப்பு முடிந்த கோதுமைத் தாளின் வெளிறல்.
போன வருடம் ஊதிவிட்டு
"நூற்றுப் பத்து" என்றான்.
இந்த வருடமும் அதே ஊதல், அதே தலையாட்டல்.
"பதினெட்டு."

அவன் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்,
இன்னொரு முறை ஊதினால் என்ன என்று.

எங்கோ ஒரு நகரத்தில்
ஒரு கோட்டுக் கம்பெனி முடிவெடுத்ததாம்:
இனித் தொப்பி விளிம்பில் ரோமம் வேண்டாம்.
நீள மேசை, தண்ணீர்ப் பாட்டில்கள்,
பிஸ்கட்டும் இருந்திருக்கும்.
இங்கே சஸ்காட்செவனில் அன்று மைனஸ் முப்பத்து நான்கு.
கயோட்டிகளுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.
அவை வழக்கம்போல ரோமம் வளர்த்துக்கொண்டிருந்தன.

நூற்றுப் பத்தை நம்பி
பனிவண்டி ஒன்று வாங்கியிருந்தேன், பழையது, மஞ்சள்.
விலை இறங்கிவிட்டது.
தவணை இறங்கவில்லை.

நாலரைக்கு எழுந்து பொறிகளைப் பார்த்துவிட்டு
ஏழேகாலுக்குப் பள்ளிப் பேருந்தை எடுக்கவேண்டும்.
நரி முகத்தில் விழித்தால் யோகமாம்.
நவம்பர் முதல் நான் அப்படித்தான் விழிக்கிறேன்,
நரியின் பெரியப்பன் மகன் முகத்தில்.
டார்ச் வெளிச்சத்தில் இரண்டு பச்சைப் புள்ளிகள்.
கண்ணைப் பார்ப்பதில்லை என்று சொன்னால் பொய்.
ஒரு தோட்டா. அதன் விலையும் ஏறியிருக்கிறது.
பிறகு பொறியைத் துடைத்து, குழியைச் சலித்த மண்ணால் மூடி,
மூத்திரப் புட்டியைத் திறந்து நாலு சொட்டு.
எத்தனை சோப்பு போட்டாலும் போகாது.
முன்சீட்டுப் பையன் ஜன்னலைத் திறப்பான்
அந்தக் குளிரிலும்.

லோரெட்டா ஹிமெல்பாக் கன்றுகளை இழந்தவள்.
வால் ஒன்றுக்கு இருபது தருகிறேன் என்றாள்.
ஆக, வால் இருபது,
வாலோடு சேர்ந்த மீதி எல்லாம் பதினெட்டு.
கணக்கு வாத்தியார் இதைக் கேட்டால்
சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார்.

ஃப்ரீஸரில் நாற்பத்தொரு தோல்.
விலை ஏறட்டும் என்று வைத்திருக்கிறேன்.
பட்டாணியை வேறெங்காவது வை என்கிறேன் ஆர்வினிடம்.
"ஏறும்வரை நாம் என்ன தின்பது?" என்கிறான்,
அதையும் ஃப்ரீஸர் மூடியைப் பிடித்துக்கொண்டே.

ஜனவரியில் புதிதாக ஒரு சிறுமி பேருந்தில் ஏறினாள்.
உருளைக்கிழங்குக் கிடங்கில் வேலைக்கு வந்த குடும்பம்.
பெரியவர் கோட்டு, கை மடித்துவிட்டது,
தொப்பி விளிம்பில் ரோமம்.
கண்ணாடியில் பார்த்தவுடன் தெரிந்தது.
வெளிர் முதுகு, நுனியில் கறுப்பு,
எங்கள் பக்கத்துச் சரக்கு.
எண்ணூறு, தொள்ளாயிரம் டாலருக்கு யாரோ வாங்கி
யாரோ வெட்கப்பட்டுக் கழற்றிப்போட்டது.
எவ்வளவு என்று கேட்டேன்.
"சர்ச் அடித்தளத்தில், ஆறு டாலர்" என்றாள்.
"இது என்ன நாய்?"

பதில் சொல்வதற்குள் ரயில்வே கேட் வந்தது.
சட்டப்படி நிறுத்தி, கதவைத் திறந்து,
இரண்டு பக்கமும் காது கொடுக்கவேண்டும்.
கொடுத்தேன். ரயில் ஏதும் இல்லை.
உள்ளே வந்த காற்றில் அந்த ரோமம் தானாக வகிடெடுத்தது.
"கயோட்டி" என்றேன்.
அவள் விளிம்பைக் கன்னத்தோடு இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியுமுன் ஏழாம் எண் பொறிக்குப் போனேன்.
சுற்றிலும் காலடி, அவசரமில்லாத காலடி.
மண்ணை அழகாகச் சுரண்டி எடுத்து,
பொறியைப் புரட்டி வெளியே வைத்து,
நடு வட்டில் மேல், குறி தப்பாமல்,
கழிந்துவிட்டுப் போயிருந்தது.

ஆவி இன்னும் பறந்தது.
குனிந்து பார்த்தேன்.
டுவேன் ஊதும்போது
நான் அவன் முகத்தைப் பார்ப்பேனே, அப்படி
கரட்டிலிருந்து எதுவோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.